துலாவும் தொழிற்சாலையும்



சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து மேற்கே போனால் முதலில் இருங்காட்டுக்கோட்டை வரும். அதற்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையில் திரும்பினால் சிறிது தொலைவில் ஒரகடம். இந்த வட்டாரத்தில் இன்று ஓடும் எந்திரங்களை எண்ணி மாளாது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பெற்றன. 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களும் அங்கே உருவாகத் தொடங்கின. அதற்கு முன்னெல்லாம் இது ஏரியும் கிணறும் நெல்வயலுமாக இருந்த பூமி. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள்.

ஆகவே, எந்திரம் என்பது இந்த வட்டாரத்துக்கு நேற்று வந்த விருந்தாளி என்று சிலர் கருதுகிறார்கள். அப்படியன்று. மின்சாரம் புதிது, எஃகுத் தகட்டை அழுத்தும் பேரெந்திரம் புதிது. ஆனால் அவற்றின் உள்ளே வேலை செய்யும் நெம்புகோலும், கப்பியும், சாய்தளமும், ஆப்பும், திருகும் இங்கே கிணற்றங்கரையிலும் தேரோடும் வீதியிலும் அடுக்களையிலும் நெடுங்காலமாக இருந்தவையே. பயறு உடைக்கும் திருகைக்கு நம் வீடுகளில் ‘ஏந்திரம்’ என்றுதானே பெயர்? அச்சிலிருந்து தள்ளி நட்ட ஒரு சிறிய கைப்பிடி, கனமான கல்லை எளிதில் சுழற்றிவிடுகிறது. இவற்றையே எளிய எந்திரங்கள் என்கிறோம்.

எளிய எந்திரம் வேலையை எளிதாக்குகிறது என்று நாம் பள்ளியில் படிக்கிறோம். ‘எளிதாக்குகிறது’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? வேலையைக் குறைக்கிறது என்று பலர் விடை சொல்வர். அந்த விடை தவறு. அது ஏன் தவறு என்று பார்த்தால்தான் எந்திரத்தின் உண்மையான உதவி எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

வயலில் ஒரு பாறாங்கல் கிடக்கிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கடப்பாரையின் நுனியை அதன் அடியில் செருகி, நுனியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிறு கல்லை அண்டைகொடுத்து, மறுமுனையை அழுத்துகிறோம். அண்டைக்கல்தான் ஆதாரம். ஆதாரத்துக்கும் பாறைக்கும் இடையே 15 சென்டிமீட்டர். ஆதாரத்துக்கும் கைக்கும் இடையே 135 சென்டிமீட்டர். இது ஒன்பது மடங்கு. எனவே 180 கிலோகிராம் பளுவை 20 கிலோகிராம் விசையால் கிளப்பிவிடலாம். இலாபம் என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் பாறை இரண்டு சென்டிமீட்டர் எழும்புவதற்குக் கை 18 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். விசை ஒன்பதில் ஒரு பங்காயிற்று. தூரம் ஒன்பது மடங்காயிற்று. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதையே பௌதிக நூல் ‘வேலை’ என்கிறது. பெருக்கிப் பாருங்கள், இரு பக்கமும் ஒன்றே. சைரக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் நெம்புகோலின் விதியைக் கணித முறையில் நிறுவிக் காட்டினார். அந்த விதி இன்றுவரை யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

அப்படியானால் கடப்பாரை எதற்கு? பெரிய கடனை ஒரே நாளில் அடைக்க முடியாதவர் தவணை முறையில் அடைக்கிறார். கடன் குறையவில்லை, கொடுக்கும் விதம் அவருடைய கைக்கு ஏற்றதாகிவிட்டது. எளிய எந்திரம் செய்வது அதுதான். தவணைக்கு வட்டி உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. இங்கே வட்டி என்பது உராய்வு. எந்த எந்திரமும் நாம் போட்ட வேலையில் சிறிதளவையேனும் உராய்வுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மீதியை நமக்குத் தருகிறது.

கிணற்று ராட்டினத்தைப் பாருங்கள். அதில் விசை இலாபம் கொஞ்சமும் இல்லை. பத்துக் கிலோகிராம் நீரை எடுக்கப் பத்துக் கிலோகிராம் விசை வேண்டும். உராய்வையும் சேர்த்தால் சற்று அதிகமே வேண்டும். இருந்தும் ராட்டினம் இல்லாத கிணற்றில் யாரும் மகிழ்ச்சியோடு நீர் எடுப்பதில்லை. ஏன்? மேல்நோக்கி இழுக்க வேண்டிய கயிற்றை அது கீழ்நோக்கி இழுக்க வைக்கிறது. மேல்நோக்கி இழுக்கும்போது குனிந்த முதுகும் புயமும் பாடுபடுகின்றன. கீழ்நோக்கி இழுக்கும்போது நம் உடம்பின் எடையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. நீருக்கு இரண்டும் ஒன்றுதான், இழுப்பவருக்குத்தான் வேறுபாடு.

இந்த உண்மை நன்கு தெரியும் இடம் ஏற்றம். மோட்டார் பம்பு பரவுவதற்கு முன் தமிழ்நாட்டுக் கிணற்றுப் பாசனத்தைத் தாங்கி நின்றவை ஏற்றமும் கவலையும். நிமிர்ந்து நிற்கும் ஏற்றக்காலின் மேல் துலா என்னும் நீண்ட மரம் ஊசலாடும். அதன் ஒரு முனையிலிருந்து மூங்கிற்கழி தொங்கும். கழியின் அடியில் சால். எகிப்து நாட்டில் நைல் நதிக்கரையில் வழங்கிய இறைவையும் இதே அமைப்புடையது. அங்கே துலாவின் மறுமுனையில் களிமண்ணையோ கல்லையோ கட்டிவைப்பார்கள். நம் நாட்டிலும் சிறிய ஏற்றங்களில் கல்லைக் கட்டுவதுண்டு. பெரிய ஏற்றங்களில் கல்லுக்குப் பதில் மனிதரே எடையாக இருந்தார். ஒருவரோ இருவரோ துலாவின் மேல் முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றின் பக்கம் நடந்தால் சால் இறங்கும். பின்பக்கம் நடந்தால் நீரோடு ஏறும். கீழே நிற்பவர் கழியைப் பிடித்துச் சாலைக் கவிழ்ப்பார்.

கணக்கை எளிதாக்க ஓர் உத்தேச அளவை வைத்துக்கொள்வோம். சாலில் 40 கிலோகிராம் நீர். துலாவின் கிணற்றுப் பக்கம் மூன்று மீட்டர். நடப்பவரின் எடை 60 கிலோகிராம். நாற்பதை மூன்றால் பெருக்கினால் 120. நடப்பவர் ஆதாரத்துக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அறுபதும் இரண்டும் பெருகி அதே 120 வந்துவிடும். துலா சமநிலையில் நிற்கும். இன்னும் அரை அடி பின்னே வைத்தால் போதும், நீர் எழும்பிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், எந்த இடத்தில் கால் வைத்தால் சால் எழும்பும் என்பதைத் தம் பாதத்தாலேயே அறிந்திருந்தார். பௌதிகப் பாடத்தை இவ்வளவு நன்றாகக் கற்றவர்கள் வகுப்பறையில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

நீர் நான்கு மீட்டர் ஏறினால், அதே துலாவில் நடப்பவரின் உடம்பு சுமார் இரண்டே முக்கால் மீட்டர் இறங்கும். இறங்கிய உடம்பை அவர் மறுபடியும் சாய்ந்த மரத்தின் வழியாக மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். அதாவது, ஒவ்வொரு சாலுக்கும் அவர் ஒரு மாடிப்படிக்கட்டில் முக்கால் பங்கு ஏறுகிறார் என்று கொள்ளலாம். இங்கே வேலை சிறிதும் குறையவில்லை. ஆனால் அது புயத்திலிருந்து காலுக்கு மாறியிருக்கிறது. மனித உடம்பில் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. நாளெல்லாம் உடம்பைச் சுமப்பதற்கென்றே அமைந்தவை அவை. ஏற்றத்தை முதலில் வகுத்தவர் யாரோ அறியோம். ஆனால் உடம்பில் எந்த உறுப்பை வேலைக்கு அழைக்க வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஏற்றப்பாட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது களைப்பைப் போக்கப் பாடியது என்று சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். அதில் எண்ணிக்கையும் உண்டு. இத்தனை சால் இறைத்தாயிற்று என்பது பாட்டின் அடிகளிலேயே தொடர்ந்து வரும். சாலின் அளவு மாறாது, கிணற்றின் ஆழமும் அன்றைக்கு மாறாது. ஆகவே சாலை எண்ணுவது என்பது வேலையை அளப்பதே ஆகும். நூறு சால் என்றால் நம் கணக்குப்படி நாலாயிரம் கிலோகிராம் நீர் நான்கு மீட்டர் ஏறியிருக்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் இழப்பே இல்லாமல் ஓடினால் இதை நான்கு நிமிடத்துக்குள் முடித்துவிடும். இழப்பைக் கழித்தாலும் ஏழெட்டு நிமிடம் போதும். துலாவின் மேல் நடந்தவருக்கோ அதைவிடப் பல மடங்கு நேரம் ஆயிற்று. கால் தவறினால் கிணறு வேறு காத்திருந்தது. பழமையைப் போற்றுகிறோம் என்று இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

சென்னைப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் இந்நாட்டு இறைவைகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர். நீரை ஏற்றிப் பாய்ச்சும் பாசனத்தைப் பற்றி 1912-இல் ஒரு நூலும் வெளியிட்டார். எண்ணெய் எஞ்சினால் இயங்கும் பம்புகளைப் பரப்பவும் முயன்றார். பின்னர் மின்சாரம் வந்தது. துலா கிணற்றங்கரையை விட்டுப் போயிற்று.

கவலையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ராட்டினமும் சாய்தளமும் சேர்ந்து உழைத்தன. மாடுகள் சரிவில் இறங்கிக்கொண்டே வடத்தை இழுக்கும். அவற்றின் எடையும் இழுப்புக்குத் துணை செய்யும். ஏற்றத்தில் மனிதருக்குக் கிடைத்த அதே உதவிதான் இங்கே மாட்டுக்கும் கிடைத்தது.

இனி நம் உடம்புக்கு வருவோம். அதுவும் நெம்புகோல்களால் ஆனதே. பாக்குவெட்டியில் பாக்கு ஆதாரத்துக்கு அருகில் இருக்கிறது, கை தொலைவில் இருக்கிறது. அதனால் சிறிய விசை பெரிய விசையாகிறது. நம் முன்கை இதற்கு நேர்மாறானது. முழங்கை மூட்டு ஆதாரம். அதிலிருந்து ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டரில் புயத்தசை பற்றியிருக்கிறது. பளுவைத் தாங்கும் உள்ளங்கையோ 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. உள்ளங்கையில் ஐந்து கிலோகிராம் அரிசியை ஏந்தி நின்றால் தசை 35 கிலோகிராம் விசையோடு இழுக்க வேண்டும். இந்தப் பேரத்தில் உடம்புக்கு ஆதாயமே இல்லையா? இருக்கிறது. தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கினால் கை ஏழு சென்டிமீட்டர் வீசும். பந்தெறிவதற்கும், கிளையைப் பற்றித் தாவுவதற்கும், ஊசியில் நூல் கோப்பதற்கும் ஏற்ற கை இது. மூட்டை தூக்குவதற்கென்று அமைந்த கை அன்று.

முதுகின் நிலை இன்னும் கடினமானது. நேராகக் குனிந்து தரையில் கிடக்கும் ஒரு சுண்ணக்கட்டியை எடுக்கிறீர்கள். அதன் எடை ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்வோம். இடுப்புக்கு மேலுள்ள உடம்பு சுமார் 30 கிலோகிராம்; அதன் எடை முதுகெலும்பின் அடி மூட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. அதைத் தாங்கும் முதுகுத் தசையோ மூட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால் மட்டுமே இருக்கிறது. கணக்கிட்டால் 180 கிலோகிராம் வருகிறது. ஒன்றும் தூக்காமலே இவ்வளவு! இப்போது கையில் 20 கிலோகிராம் பெட்டி. அது மூட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் தசைக்கு மேலும் 200 கிலோகிராம் சேரும். அதே பெட்டியை வயிற்றோடு அணைத்து 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் சேர்வது 100 மட்டுமே. பெட்டியின் எடை மாறவில்லை. தராசில் வைத்தால் இரண்டு வேளையும் இருபதுதான் காட்டும். முதுகெலும்புக்கு மட்டும் அது இரண்டு வேறு பெட்டிகள்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர்ச் சாலைக்குத் திரும்புவோம். தொழிற்சாலைக்குள் போவதற்கு முன் தேரைப் பார்த்துவிடலாம். இராமானுசர் பிறந்த அவ்வூரில் சித்திரைத் திருவிழாவில் தேரோடும். ஓடும் தேரை நிறுத்தவும் திருப்பவும் உருளைக்கு முன்னால் ஆப்பு வடிவான கட்டையைப் போடுவார்கள். அதுவே முட்டுக்கட்டை. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுகிறவரை நாம் விரும்புவதில்லை. தேர்வீதியில் அவரைவிட வேண்டியவர் இல்லை. உருண்டுவரும் உருளை கட்டையின் சரிவில் ஏற முயன்று தன் வேகத்தை இழக்கிறது. உராய்வு மிச்சத்தை விழுங்குகிறது. வட்டி வாங்கும் உராய்வு இங்கே காவற்காரனாக மாறிவிடுகிறது. திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் திரவ அழுத்தத்தால் இயங்கும் தடையைப் பொருத்தினார்கள். காரின் தடை மிதியும் அந்த வகையே: மிதி ஒரு நெம்புகோல், குழாயிலுள்ள எண்ணெய் இன்னொரு நெம்புகோல்போல் வேலை செய்கிறது. குறுகிய குழாயில் நெடுந்தூரம் தள்ளினால் அகன்ற குழாயில் சிறிது தூரம் பெருவிசையோடு நகரும். பேரம் அதே பேரந்தான்.

காரைத் தூக்கும் திருகு ஜாக்கியில் உராய்வின் இரு முகங்களையும் ஒருங்கே காணலாம். திருகு என்பது தூணைச் சுற்றிக்கொண்ட சாய்தளமே. ஒரு சுற்றுக்கு நான்கு மில்லிமீட்டர் ஏறும் திருகை, 25 சென்டிமீட்டர்க் கைப்பிடியால் சுற்றுவதாகக் கொள்வோம். கை ஒரு வட்டத்தில் 157 சென்டிமீட்டர் நடக்கிறது. காரின் ஒரு மூலையை 20 சென்டிமீட்டர் தூக்க 50 சுற்று; கை நடந்த தூரம் எழுபத்தெட்டு மீட்டருக்கு மேல்! இவ்வளவு நடந்தும், போட்ட வேலையில் பாதிக்கு மேல் உராய்வுக்கே போய்விடும். வீண் என்று நினைக்க வேண்டாம். கையை விட்ட பிறகும் கார் கீழே இறங்காமல் நிற்பது அந்த உராய்வால்தான். தானே பின்னோக்கிச் சுழலாத எந்தத் திருகும் பளுவைத் தூக்குகையில் பாதிக்கு மேல் வேலையை விழுங்கியே தீரும் என்பது கணிதத்தால் நிறுவக்கூடிய உண்மை.

கார் உருவாகும் நீண்ட வரிசையில் கனமான கருவிகளை மேலிருந்து கம்பியால் தொங்கவிடுவது இன்று உலகெங்கும் உள்ள வழக்கம். மேலே உள்ள சுருள்வில்லோ எதிர்ப்பளுவோ கருவியின் எடையைத் தாங்கிக்கொள்ளும். தொழிலாளி அதை வேண்டிய இடத்துக்கு நகர்த்தினால் போதும். துலாவின் பின்முனையில் கட்டிய கல்லே வேறு உருவில் கூரையில் ஏறியிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் எந்தத் தொழிற்சாலையிலும் எல்லா வேலையும் இப்படி அமைந்துவிடுவதில்லை. பெட்டியை எடுத்து வைப்பதும், உதிரிப்பாகத்தைக் கூடையிலிருந்து பொறுக்குவதும், தட்டில் அடுக்குவதும் இன்னும் பல இடங்களில் மனிதர் கையாலேயே நடக்கின்றன. பெருந்தொழிற்சாலைகளுக்குப் பொருள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளில் இது இன்னும் அதிகம். மணிக்கு ஐம்பது முறை என்றால் எட்டு மணி நேரத்தில் 400 முறை குனிந்து நிமிர வேண்டும்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்குக் கனமான பளுவை யாரையும் தூக்கவோ சுமக்கவோ செய்யக்கூடாது என்று விதித்தது. உச்ச எடையை வரையறுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் இதற்கென்றே ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனோடு வந்த பரிந்துரை, வயதுவந்த ஆணுக்கு 55 கிலோகிராமைக் குறிப்பிட்டது. இவை நல்ல ஏற்பாடுகள். எனினும் எடையை மட்டும் சொல்லி நிற்பதில் ஒரு குறை இருக்கிறது. ஏற்றத்தில் நடந்தவரைக் கேட்டிருந்தால், எவ்வளவு எடை என்பதோடு எங்கே நிற்கிறது என்றும் சொல்லுங்கள் என்றிருப்பார்.

அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு நல ஆராய்ச்சி நிலையம் 1991-இல் திருத்தியமைத்த கணக்கு இந்தக் குறையை நீக்கப் பார்க்கிறது. எல்லா வசதியும் சரியாக அமைந்த இடத்தில் 23 கிலோகிராம் என்று அது தொடங்குகிறது. பளு உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு அப்பால் போகப்போக அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே வருகிறது. 50 சென்டிமீட்டரில் அது சரிபாதியாகி, பதினொன்றரைக் கிலோகிராமாகிறது. குனியும் ஆழத்துக்கும், உடம்பைத் திருகுவதற்கும், திரும்பத் திரும்பத் தூக்குவதற்கும் தனித்தனியே கழிவு உண்டு. தூரத்துக்கான கழிவில் நாம் பார்ப்பது கடப்பாரைக் கணக்கையேதான்.

பாலிடெக்னிக்கிலும் பொறியியற் கல்லூரியிலும் படிக்கும் நண்பர்கள் பலர் நாளைக்கு இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளராகப் போகலாம். அங்கே ஒரு பெட்டி தரையில் வைக்கப்பட்டிருக்கும். அதற்கும் ஆளுக்கும் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். அதைத் தாண்டிக் கைநீட்டி எடுத்தாக வேண்டியிருக்கும். சட்டத்தை எடுத்துவிட்டு, பெட்டியை இடுப்புயரப் பலகையின் மேல் ஏற்றி, ஒரு சாண் அருகே இழுத்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டாம். ஒரு பலகை, நான்கு கால், சில ஆணிகள். தச்சருக்கு அது அரைநாள் வேலை.